அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் வரை

பொதுக்காலம் 5ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
வாசகங்கள்: யோபு 7:1-4, 6-7, 1 கொரிந்தியர் 9:16-19, 22-23, மாற்கு 1:29-39



ஞாயிறு எட்டரை மணித் திருப்பலிக்கு வந்து கடைசித் தூணருகே உட்காரும் சில பெண்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். முதல் வாசகம் தொடங்கிய பிறகுதான் உள்ளே வருவார்கள். தோளில் டிபன் பாக்ஸ் வைத்த பை இருக்கும். கண் சிவந்திருக்கும். நற்கருணை வாங்க அவர்கள் நீட்டும் கையில் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். இரவு டூட்டி முடித்து, வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோயிலுக்கு வருகிற செவிலியர்கள் அவர்கள். மறையுரையின்போது சிலர் கண்ணயர்ந்துவிடுவதும் உண்டு. அவர்களை யாரும் தட்டி எழுப்ப வேண்டாம் என்று இங்கிருந்தே கேட்டுக்கொள்கிறேன். அந்த ஸ்பிரிட் வாசனையில் வளர்ந்தவன் நான். என் அம்மா 1974 முதல் 2010 வரை அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தார்.

அடுத்த ஞாயிறு பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அந்த நாளை உலக நோயாளர் நாளாக அறிவித்தார். 1993 முதல் திருச்சபை அதைக் கொண்டாடி வருகிறது. அதற்கு ஒரு வாரம் முன்னால் நமக்குக் கிடைத்திருக்கும் வாசகங்களைப் பாருங்கள். யோபு ஒரு நோயாளியின் இரவைச் சொல்கிறார்: படுத்தாலும் தூக்கம் இல்லை, எப்போது விடியும் என்று புரண்டுகொண்டே கிடக்கிறார். மாற்கு நற்செய்தி ஒரு வீட்டுக்குள் நம்மை அழைத்துப் போய், காய்ச்சலில் கிடக்கும் ஒரு தாயைக் காட்டுகிறது. யோபுவின் இரவுக்கும் அந்தத் தாயின் விடுதலைக்கும் நடுவே ஒரு கை நீள்கிறது. இயேசுவின் கை.

கப்பர்நாகூமில் இயேசு செலவழித்த அந்த ஒரு நாளை நற்செய்தியாளர் ஏறக்குறைய மணிக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். அது ஓய்வுநாள். பகலில் தொழுகைக்கூடம். அங்கிருந்து நேராகச் சீமோனின் வீடு. கதிரவன் மறைந்து ஓய்வுநாள் முடிந்ததும், ஊரிலுள்ள நோயாளிகளை எல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வீட்டு வாசலில் ஊரே நிற்கிறது. பொழுது புலருமுன் எழுந்து தனிமையான இடத்தில் இறைவேண்டல். பிறகு அடுத்த ஊர். இரவு டூட்டி பார்த்த எவருக்கும் இந்த நாளின் களைப்பு புரியும்.

சீமோனின் மாமியாருக்கு இயேசு செய்தது மூன்றே காரியம். அருகில் போனார், கையைப் பிடித்தார், தூக்கிவிட்டார். காய்ச்சல் நீங்கியது, அந்தப் பெண் பணிவிடை செய்யத் தொடங்கினார். இந்தத் 'தூக்கிவிட்டார்' என்ற சொல்லுக்கு மாற்கு கிரேக்கத்தில் பயன்படுத்தும் வினைச்சொல்லே, பின்னால் வெறுமையான கல்லறையில் இயேசு உயிர்த்தார் என்று அறிவிக்கவும் பயன்படுகிறது. 'பணிவிடை செய்தார்' என்பதற்கு வரும் சொல்லோ, மானிடமகன் தொண்டு ஏற்பதற்கு அல்ல, தொண்டு செய்யவே வந்தார் என்று 10ஆம் அதிகாரத்தில் இயேசு தம்மைப் பற்றிச் சொல்லும் அதே சொல். அடுப்படிக்குத் திரும்பிய ஒரு மூதாட்டியின் வேலைக்கும் ஆண்டவரின் வேலைக்கும் நற்செய்தியாளர் ஒரே பெயர் வைத்திருக்கிறார். வீட்டு வேலையை வெறும் வேலை என்று நினைக்கிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

நம் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகள் செவிலியரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? படித்தவர்கள் 'சிஸ்டர்' என்பார்கள். கிராமத்து மக்கள் 'நர்சம்மா' என்பார்கள். செவிலி என்ற பழந்தமிழ்ச் சொல்லுக்கே வளர்ப்புத்தாய் என்றுதான் பொருள். செவிலியர் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு தாய் இருக்கிறார். வார்டில் உள்ளவர்களுக்கு என் அம்மா நர்சம்மா. வீட்டில் எங்களுக்கு வெறும் அம்மா. இந்த இரண்டையும் ஒரே உடம்பில் தூக்கி நடந்தவருக்கு அது எளிதாக இருக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு மாமியார் கதை உண்டு. அம்மாவுக்கு வரன் பேசும்போது, என் ஆச்சி, அதாவது அப்பாவின் தாய், ஒரே சொல்லில் மறுத்தாராம்: "ராத்திரி வேலைக்குப் போற மருமக எனக்கு வேண்டாம்." அப்பா பிடிவாதமாக நின்று கல்யாணம் நடந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் மாமியாரும் மருமகளும் தேவைக்குத்தான் பேசினார்கள். பிறகு நான் பிறந்தேன், தங்கை பிறந்தாள். பிள்ளைகளை விட்டுவிட்டு இரவு டூட்டிக்குப் போக வேண்டிய நிலை. அப்போதுதான் எங்கள் வீட்டு வாசற்படியில் ஒரு பழக்கம் உண்டானது. வெள்ளைச் சேலையோடு அம்மா படியில் நின்று சொல்வார்: "அத்தை, சின்னவளுக்கு இருமல். எட்டு மணிக்கு மருந்து, அரை மூடி. பெரியவன் மத்தியானம் சரியா சாப்பிடல. விளக்கு வச்சதும் செபமாலை." ஆச்சி ஒவ்வொன்றுக்கும் தலையசைப்பார். கடைசியில், "நீ போம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்பார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் அம்மா தெருவில் இறங்குவார்.

அம்மா செய்தது என்ன என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. வார்டில் டூட்டி மாறும்போது செவிலியர்கள் செய்வதையே அவர் வீட்டு வாசலில் செய்தார். அதற்கு அவர்கள் 'ஹேண்ட் ஓவர்' என்பார்கள், தமிழில் ஒப்படைப்பு. போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து படுக்கைக்குப் படுக்கை நடப்பார்கள். இவருக்கு இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் 103. அவருக்கு டிரிப் ஓடுகிறது, மாற்ற வேண்டும். இந்தப் பாட்டிக்கு ஆள் துணை இல்லை, சாப்பிட்டாரா என்று கேளுங்கள். எல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும். ஆனாலும் வாயால் சொல்வார்கள், நோயாளியின் முகத்துக்கு முன்னால் சொல்வார்கள். மாற்ற வேண்டியவர் வராவிட்டால், டூட்டி நேரம் முடிந்திருந்தாலும் போகக்கூடாது. ஆள் மாறலாம், நோயாளி ஒரு நிமிடமும் கைவிடப்படக்கூடாது.

இதை நான் கற்றுக்கொண்டது என் முதல் நற்கருணை நாளில். எனக்கு ஒன்பது வயது. வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுதிரி. மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் பட்டுச்சேலையில் முன்வரிசையில் இருந்தார்கள். என் அம்மாவுக்கு ஆச்சி பிடித்து வைத்திருந்த இடம் காலியாகவே இருந்தது. திருப்பலி முடிந்து நாங்கள் வரிசையாக வெளியே வரும்போதுதான் அம்மா ஓடி வந்தார். அதே வெள்ளைச் சேலை, கையில் அதே வாசனை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மக்களே, என்னை மாத்த வேண்டிய சிஸ்டருக்கு பஸ் கிடைக்கல. வார்டுல இருபத்தெட்டு பேரு. உன்ன ஆச்சி கையில ஒப்படைச்சிட்டுப் போனேன். அவங்கள ஒப்படைக்க எனக்கு ஒரு கை கிடைக்கலடா." சொல்லும்போது அம்மாவின் கண்ணில் நீர். என் முதல் நற்கருணை நாளில் தான் இல்லாமல் போனது இன்றும் அம்மாவுக்கு ஆறாத வருத்தம். எனக்கோ, நற்கருணை என்றால் என்ன என்பதற்கு அன்று கிடைத்த பாடத்தைப் பின்னாளில் எந்தக் குருமடத்து வகுப்பும் தரவில்லை.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில் நற்கருணையைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, ஆண்டவரிடமிருந்து தாம் பெற்றுக்கொண்டதை மக்களிடம் ஒப்படைப்பதாகச் சொல்கிறார். கிரேக்கத்தில் அந்த ஒரே வாக்கியத்தில் ஒப்படைத்தல் என்ற வினை இரண்டு முறை வருகிறது: பவுல் திருச்சபைக்கு ஒப்படைக்கிறார், இயேசு பகைவர் கையில் ஒப்படைக்கப்படுகிறார். இரண்டாவதை நாம் தமிழில் காட்டிக்கொடுத்தல் என்கிறோம். மனிதர்கள் அவரைக் காட்டிக்கொடுத்த அந்த இரவிலேயே அவர் தம்மை நம் கையில் ஒப்படைத்தார். மறுநாள் சிலுவையில் தொங்கியபோதும் அவர் செய்தது ஒப்படைப்புதான். தாயைச் சீடரிடம் ஒப்படைத்தார், சீடரைத் தாயிடம் ஒப்படைத்தார், கடைசியில் தம் ஆவியைத் தந்தையின் கையில் ஒப்படைத்தார். யாரையும் அநாதையாக விட்டுவிட்டு அவர் போகவில்லை. அப்படிப்பட்டவரின் உடலைத்தான் ஒவ்வொரு ஞாயிறும் நாம் கையில் வாங்குகிறோம்.

அன்பர்களே, நம்பிக்கை என்பது சொத்துப் பத்திரம்போல் பெட்டியில் இருந்து, பெரியவர்கள் போன பிறகு தானாகப் பிள்ளைகள் பேருக்கு மாறிவிடுகிற பொருள் அல்ல. படுக்கைக்குப் படுக்கை, முகத்துக்கு முகம் ஒப்படைத்தால்தான் அது போய்ச் சேரும். பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய பாட்டி லோயி, தாய் யூனிக்கி இருவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களிடம் இருந்த நம்பிக்கை இவரிடமும் இருப்பதாக மகிழ்கிறார். திமொத்தேயுவின் தந்தை கிரேக்கர் என்று திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. இரு வேறு பின்னணி கொண்ட ஒரு வீட்டில், ஒரு பாட்டியும் ஒரு தாயும் ஒப்படைத்த நம்பிக்கையிலிருந்து திருச்சபைக்கு ஓர் ஆயர் கிடைத்தார்.

எங்கள் ஆச்சிக்கு 1993இல் பக்கவாதம் வந்தது. பேச்சு போனது, வலப்பக்கம் விழுந்தது. பதினான்கு மாதம் படுக்கை. அம்மா டூட்டிக்கும் போனார், ஆச்சியையும் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று அப்பாவுக்கும் எனக்கும் தங்கைக்கும் சொல்லிக் கொடுத்து, சுவரில் நேரம் எழுதி ஒட்டி வைத்தார். ஆச்சியின் முதுகில் ஒரு புண் வரவில்லை. ராத்திரி வேலைக்குப் போகிற மருமகள் வேண்டாம் என்று சொன்ன அதே ஆச்சி, இரவில் விழித்துக்கொண்டால் இடக்கையால் துழாவி அம்மாவின் கையைத்தான் தேடுவார். ஒருநாள் தன் கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டி, அதை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினார். பேச்சு இல்லாமலே நடந்த ஒப்படைப்பு அது.

நற்செய்தியில் வரும் மாமியாரின் வீட்டுக்குத் திரும்புவோம். கப்பர்நாகூமில் பிரான்சிஸ்கன் துறவியர் 1968இல் அகழாய்வு தொடங்கினார்கள். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த எண்கோண ஆலயத்தின் அடியில் முதல் நூற்றாண்டு வீடு ஒன்றின் சுவர்கள் கிடைத்தன. பழங்காலக் கிறிஸ்தவர்கள் பேதுருவின் வீடு என்று போற்றி வந்த இடம் அது. ஒரு மாமியார் காய்ச்சலிலிருந்து எழுந்து பணிவிடை செய்த வீடு பின்னர் ஆலயமாயிற்று. நம் வீடுகளும் ஆலயமாவது அந்த வழியில்தான்.

இப்போது மாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலம் கெட்டுவிட்டது, பிள்ளைகள் மாறிவிட்டார்கள் என்று பல பெற்றோர் என்னிடம் வந்து வருந்துகிறார்கள். ஆச்சி இளம்பெண்ணாக இருந்தபோது திருப்பலி இலத்தீனில் நடந்தது. குருவானவர் பீடத்தை நோக்கி நிற்க, ஆச்சி செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு திருப்பலி தமிழுக்கு வந்தது. அம்மாவின் நம்பிக்கை தமிழில் வளர்ந்தது. என் தங்கையும் செவிலியராகி 2018இல் இங்கிலாந்து போனாள். அவள் பிள்ளைக்கு மறைக்கல்வி ஆங்கிலத்தில். நான்கு தலைமுறை, மூன்று மொழி. தங்கை விமான நிலையத்துக்குப் புறப்படும் முன் அம்மா ஆச்சியின் செபமாலையை அவள் கையில் வைத்து மூடினார்.

2020 ஏப்ரல். நம் கோயில்கள் பூட்டிக் கிடந்த புனித வாரம் உங்களுக்கு மறந்திருக்காது. தங்கைக்கு அங்கே கொரோனா வார்டில் இரவு டூட்டி. அப்பா இறந்துவிட்டதால் அம்மா இங்கே தனியாக இருந்தார். பேத்திக்கு ஐந்து வயது. தன் தாய் வேலைக்குக் கிளம்பினால் அவளுக்கு அழுகை. அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. அம்மா அலாரம் வைத்து எழுந்து, முகம் கழுவி, வாட்ஸ்அப் வீடியோவில் வந்து உட்காருவார். தங்கை செருப்பு மாட்டிக்கொண்டே சொல்வாள்: "அம்மா, இவ பால் குடிக்கல. செபம் சொல்லிட்டுத் தூங்க வைங்க." அம்மா சொல்வார்: "நீ போ மக்களே, நான் பாத்துக்கிடுதேன்." ஆச்சியின் அதே சொல். பிறகு பாட்டியும் பேத்தியும் 'அருள் நிறைந்த மரியே' சொல்வார்கள். பேத்தியின் தமிழில் பாதி எழுத்து தடுமாறும். அவள் தூங்கும்வரை அம்மா போனை அணைக்க மாட்டார். ஓய்வு பெற்றுப் பத்து ஆண்டு கழித்து, என் அம்மா மறுபடியும் இரவு டூட்டி பார்த்தார்.

எல்லார்க்கும் எல்லாமானதாக இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுல் சொல்கிறார். நற்செய்திக்காக மாறுவதற்கு அவர் அஞ்சவில்லை. மொழி மாறட்டும், நாடு மாறட்டும், திண்ணையிலிருந்து திரைக்கு இடம் மாறட்டும். ஒப்படைக்கிற கை பின்வாங்கிவிடுவதற்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு தாய், வளர்ந்த மகன் கோயில் பக்கமே போவதில்லை என்று அழுதார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வார்டுல சிலர் மருந்தைத் துப்பிருவாங்க. அதுக்காக அடுத்த வேளை மருந்த நிறுத்துவமா? துப்பிட்டார்னு எழுதி வச்சு, அடுத்து வர்றவங்ககிட்ட சொல்லிட்டு வருவோம். நீங்களும் மாதாகிட்ட சொல்லி வையுங்க. அவங்க டூட்டி முடியுறதே இல்ல." புனித மோனிக்கா மகனுக்காக இப்படித்தான் காத்திருந்தார். 387இல் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டில் மோனிக்கா இறந்தார். மகன் ஆயரானதையோ, திருச்சபையின் பேராசான் என்று போற்றப்பட்டதையோ அந்தத் தாய் பார்க்கவில்லை.

பலனைப் பார்க்காமல் ஒப்படைத்துவிட்டுப் போவது தாய்க்கும் செவிலியருக்கும் பொதுவான சிலுவை. 1995இல் நாடெங்கும் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியபோது அம்மா பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். வேலையில் சேர்ந்த காலத்தில் கால் சூம்பிய பிள்ளைகளைத் தூக்கிவந்த தாய்மாரின் முகம் அவருக்கு மறக்கவே இல்லை. அம்மா 2010இல் ஓய்வு பெற்றார். இந்தியாவின் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. 2014இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. அந்தச் செய்தி வந்த நாளில் அம்மா வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுந்து போய் மாதா படத்தின் முன் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து, மீதிக் கீரையை ஆய்ந்தார்.

செவிலியர்களாக இருக்கும் தாய்மாரே, நற்செய்தியின் மாமியாரை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் இயேசு அவர் கையைப் பிடித்தார், பிறகுதான் அவர் பணிவிடை செய்தார். எத்தனையோ பேரின் கையைப் பிடிக்கிற உங்கள் கையை ஆண்டவர் பிடிக்க ஒரு நேரம் கொடுங்கள். பொழுது புலருமுன் அவரே தனியே போய்த் தந்தையோடு இருந்தார். அந்த நேரம் உங்களுக்கு இந்தக் கடைசித் தூணருகில் கிடைத்தாலும் போதும், வந்து உட்காருங்கள்.

கணவர்களே, மாமியார்களே, உங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண் இரவு வேலைக்கு இறங்கினால், முகம் சுளிக்காமல் "நீ போம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லின் பலத்தில் ஒரு வார்டு முழுவதும் நன்றாக இருக்கும்.

அடுத்த ஞாயிறு மாலைத் திருப்பலியில் நோயில் பூசுதல் அருளடையாளம் வழங்கப்படும். உங்கள் வீட்டு நோயாளிகளையும் முதியவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்களைப் பெரியவர்கள் மட்டும் கூட்டிவர வேண்டாம். வீட்டில் உள்ள சிறுபிள்ளை ஒருவர் அவர்கள் கையைப் பிடித்துப் பீடம்வரை நடத்திவரட்டும். எழுந்து வர முடியாதவர்களின் பெயரையும் வீட்டு முகவரியையும் புதன்கிழமைக்குள் பங்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நற்கருணையோடும் எண்ணெயோடும் நான் வீட்டுக்கு வருகிறேன். அப்போதும் அந்தப் பிள்ளை கட்டிலருகில் நிற்கட்டும். ஆமென்.